பொறுப்பை ஒப்படைத்தல்

(பெரம்பூரில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். திஸ்கி, டாம், டாப் போன்ற பழைய குறியாக்கங்களில் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் முறைகளில்) தட்டெழுதப்பட்ட தமிழ்க் கோப்புகளை, இன்றைய பொதுத்தரமான யூனிகோடுக்கு மாற்றும் சிறிய மென்பொருள் ஒன்றை நெடுங்காலமாக ஊதியமின்றிப் பராமரித்து வந்த நான், இப்போது அந்தப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். அம்மாவைக் கவனித்துக்கொள்வதற்கும் அலுவலக வேலைக்கும் போக மிஞ்சும் பொழுதில், வழுக்களை, அதாவது நிரலிலுள்ள பிழைகளை, நிதானமாக ஆராய்ந்து திருத்த இயலவில்லை. முறையாக விலகுவதும் பராமரிப்பாளர் செய்யவேண்டிய பணிகளுள் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற மென்பொருளுக்கு நேர்ந்ததை இங்குள்ள மாணவர்கள் அவசியம் படிக்கவேண்டும். உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் அதனைப் பெரும்பாலும் ஒருவரே தன்னார்வமாகப் பராமரித்து வந்தார். 2022ஆம் ஆண்டில், தமக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருப்பதையும் இது ஊதியமில்லாப் பணி என்பதையும் அவர் வெளிப்படையாகவே எழுதிய பிறகும், முன்பின் அறியாத சிலர் ஏன் தாமதம், ஏன் வேறொருவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று அவரை நெருக்கிக்கொண்டே இருந்தார்கள். அந்நேரம் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி உதவிய ஜியா டான் என்ற பெயருக்குரியவர் மெல்ல மெல்ல வெளியீட்டு உரிமையைப் பெற்று, 2024இல் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பிறர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழிசெய்யும் கள்ளக் கதவு ஒன்றை ஒளித்துவைத்தார். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக அணுகும் முறை) வழி நுழைவதற்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளரால்தான் அது அம்பலமானது. களைத்துப்போன அந்த மனிதரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தோள்கொடுக்க, அறிந்த முகம் ஒன்றுகூட அருகில் இல்லாமற் போனதே என் வருத்தம்.

பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம், அம்மொழியில் புதிய எழுதுமுறை ஒன்றைச் சேர்க்கும் 572ஆம் முன்மொழிவு குறித்த கடுமையான வாக்குவாதத்துக்குப் பின் 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பைத் துறந்தபோது வாரிசு எவரையும் அறிவிக்கவில்லை. அவரோடு பணியாற்றியவர்கள் மாதக்கணக்கில் விவாதித்து, வாக்களித்து, ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழுவை அமைத்தார்கள். முதற்குழுவில் அவரும் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அத்தனை பேர் துணையிருந்த திட்டம் அது, நம்முடையவை அப்படியல்ல. தனியொருவர் விலகுவதற்கும் முறை உண்டு: டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், தாம் பராமரிக்கும் பொதியை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளை) கைவிடுபவர் அதை முறைப்படி அறிவித்துவிட்டால், வேறொருவர் ஏற்கும்வரை தர உறுதிக் குழு அதனைப் பார்த்துக்கொள்கிறது.

இங்கே பலர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஷிப்ட் முடிந்து கிளம்புகிறவர், இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அடுத்தவரிடம் சொல்லிவிட்டே போவார். அதையே நானும் செய்திருக்கிறேன். தொடர்ந்து திருத்தங்கள் அனுப்பி வந்த, நான் நேரில் அறிந்த இருவரிடம் வெளியீட்டு உரிமையைப் பகிர்ந்தளித்துவிட்டேன். என் பழைய கடவுச்சொற்களை நீக்கியாயிற்று. தீராத வழுக்களையும், சில எழுத்துருக்களில் கொம்புகள் இடம்மாறும் காரணத்தையும் ஆவணத்தில் எழுதிவைத்திருக்கிறேன். புதியவர்கள் முதல் வெளியீட்டைச் செய்யும்போது உடனிருப்பேன், ஆனால் முடிவுகள் அவர்களுடையவை. வழுக்களை எப்படிச் சோதிப்பது என்று அறிய விரும்பும் மாணவர்கள், கூட்டம் முடிந்ததும் அவ்விருவரையும் சந்தியுங்கள். அவர்கள் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.