அட்டையைச் சிவப்புக்குத் திருப்பும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

பிரேசில் என்றதும் நம் ஊரில் கால்பந்தும் அமேசான் காடும்தான் நினைவுக்கு வரும். நான் பேசப் போவது அந்த நாட்டின் தெற்கு மூலையைப் பற்றி. பரனா, சாண்டா கத்தரீனா, ரியோ கிராண்டே டோ சுல் என்று மூன்று மாநிலங்கள். அங்கே நிஜமாகவே குளிர்காலம் உண்டு, சில வருடங்களில் மலைப்பக்கம் பனிகூடப் பெய்யும். தோல், காலணித் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பகுதி புதிதல்ல. நோவோ ஹம்புர்கோ என்ற ஊர் காலணிக்குப் பேர் போனது. நானும் அந்தத் தொழிலை முன்னிட்டு அங்கே போய்த் தங்கியவன்தான். ஆனால் இன்றைக்குத் தோலை விட்டுவிட்டு, சாப்பாட்டைப் பேசலாம்.

அந்த ஊர்களின் பேர் பெற்ற ஓட்டல்கள் பலவற்றில் நீங்கள் எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே விலை. உட்கார்ந்தால் போதும், எல்லாம் வரும். ஷுஹாஸ்கோ என்ற கரி அடுப்புக் கறி விற்கும் கடைகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். மேசையில் வட்டமாக ஒரு அட்டை இருக்கும், ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. பச்சை மேலே இருக்கும் வரை, நீளக் கம்பியில் கறியைக் கோத்துக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கம்பியின் நுனியை ஊன்றி, கத்தியால் மெல்லிசாகச் சீவுவார்கள். விழப்போகும் துண்டை நாம் சின்ன இடுக்கியால் பிடித்துத் தட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். போதும் என்றால் அட்டையைச் சிவப்புக்குத் திருப்பிவிடலாம். ஆனாலும் ஒருவர் வந்து, "இது மட்டும் கொஞ்சம்?" என்று கேட்கத்தான் செய்வார்.

அங்கே சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சூட்சுமம் சொல்கிறேன். முதலில் வருவது பெரும்பாலும் தொத்திறைச்சியும் கோழியும்தான். கம்பி நிறையக் கோழி இதயங்களும் வரும். ஈரல் பிடித்தவர்களுக்கு அது பிடிக்கும், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் தொத்திறைச்சியிலேயே வயிற்றை நிரப்பிவிட்டால் நல்ல துண்டுகள் வரும்போது தவிக்க வேண்டியதுதான். வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் பிக்கான்யா என்ற மேல்தொடைக் கறியைத் தேடுவார்கள். கொழுப்போடு சேர்ந்து அது ருசிதான், இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் என்னைக் கேட்டால் விலாக்கறிதான் முதல். கோஸ்தெலா என்பார்கள். கல்லுப்பைத் தவிர வேறு எதுவும் கிடையாது. மிளகு, பூண்டு போட்டால் ஊர்ப் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். கிராமத்து விருந்துகளில் முழு விலாவையும் கம்பில் குத்தி, தரையில் மூட்டிய நெருப்பைச் சுற்றி நட்டு, ஆறேழு மணி நேரம் நிதானமாக வாட்டுவார்கள். கடைசியில் எலும்பு கையோடு கழன்று வந்துவிடும்.

இந்தக் கறிக்கடைகள் நாடு முழுக்கப் பரவியதில் நோவா பிரேசியா என்ற சின்ன மலை ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. ஊரை விட்டுப் போய்க் கறிக்கடை வைத்தவர்கள் அத்தனை பேர் அங்கே. கறி வாட்டுகிறவருக்கு ஒரு சிலையே வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் பொய் சொல்லும் போட்டி ஒன்றும் திருவிழாவாக நடக்கிறது. அதனால் கறிக்கடைக்காரர்கள் சொல்லும் பூர்வீகக் கதைகளை நான் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்பேன்.

சரி, இவ்வளவு கறி எங்கிருந்து வந்தது? 17-ஆம் நூற்றாண்டில் ஏசுசபைப் பாதிரியார்கள் தங்கள் குடியிருப்புகளுக்கு மாடுகளைக் கொண்டுவந்தார்கள். குடியிருப்புகள் தாக்கப்பட்டு அழிந்தபோது மாடுகள் புல்வெளியில் காட்டுமாடாகப் பெருகின. அந்தக் காலத்தில் அவற்றை வேட்டையாடியது தோலுக்காக. தோலை உரித்துக்கொண்டு, கறியில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் தொழிலின் பழைய கணக்கு இது. கறிக்கு விலை வந்தது உப்புக்கண்டம் போடத் தொடங்கிய பிறகுதான். வறட்சிக்குப் பேர் போன வடகிழக்கு மாநிலமான சியாராவிலிருந்து வந்த ஜோஸே பின்ட்டோ மார்ட்டின்ஸ், 1780-இல் ரியோ கிராண்டே டோ சுலின் பெலோட்டாஸ் பகுதியில் உப்புக்கண்டப் பட்டறை தொடங்கினார். அதைத் தொடர்ந்து ஆற்றங்கரை முழுக்கப் பட்டறைகள். வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைகள். அந்தக் கறியைப் பெருமளவு தின்றவர்களும் வடக்கே கரும்புத் தோட்டங்களில் இருந்த அடிமைகளே. 1835-இல் தொடங்கிப் பிரேசில் பேரரசை எதிர்த்துப் பத்து ஆண்டு நடந்த ஃபஹோபில்யா கலகத்துக்கும் இந்த உப்புக்கண்டத்தின் மீதான வரிச்சுமை ஒரு முக்கியக் காரணம்.

உப்புக்கண்டம் ஏற்றிப் போன கப்பல்கள் திரும்பும்போது வடக்கிலிருந்து சர்க்கரையைக் கொண்டுவந்தன. பட்டறை முதலாளிகளின் வீடுகளில் பணம் இருந்தது, சர்க்கரை இருந்தது, போர்ச்சுகல்லிலிருந்து வந்த முட்டை மஞ்சள்கரு இனிப்புகளின் பழக்கமும் இருந்தது. அப்படித்தான் கரும்பு விளையாத ஒரு குளிர்ப்பிரதேசத்தில், பெலோட்டாஸ் இனிப்புக்குப் பேர் போன ஊரானது. 2018-இல் அந்த இனிப்பு மரபை பிரேசில் அரசின் பண்பாட்டுப் பாரம்பரிய நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. கின்ஜின் என்ற தேங்காய், மஞ்சள்கரு இனிப்பைக் கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள். சாப்பிடும்போது உப்புக்கண்டப் பட்டறை நினைவுக்கு வந்தால் அதில் தவறில்லை.

மலைக்கு ஏறினால் கதை வேறு. 1875 முதல் வட இத்தாலியிலிருந்து ஏழைக் குடியானவர்கள் வந்தார்கள். கஷியாஸ் டோ சுல், பெந்தோ கொன்சால்வெஸ் பக்கமெல்லாம் அவர்கள் வெட்டித் திருத்திய நிலம்தான். கையில் காசில்லை, மாடில்லை. காட்டில் குருவி பிடித்து, சோளமாவுக் களியோடு சாப்பிட்டார்கள். பிறகு குருவிகள் குறைந்தன, வேட்டைக்கும் தடை வந்தது. குருவியின் இடத்துக்குச் சுமார் ஒரு மாதமே ஆன கோழிக்குஞ்சு வந்தது. அதுதான் இன்றைய கலேட்டோ. வெள்ளை ஒயினிலும் சேஜ் இலையிலும் ஊறவைத்துக் கரியில் சுடுவார்கள். கூடவே பொரித்த சோளக்களி, கசப்புக் கீரை, பாஸ்தா, முதலில் ஒரு சூப். இங்கேயும் ஒரே விலை, தட்டு காலியாகக் காலியாக வந்துகொண்டே இருக்கும். குருவிக்காகக் காட்டில் அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.

அங்கே சாப்பாட்டு முடிவில் வரும் சாகு நம்மவர்களுக்கு ஆச்சரியம் தரும். நம் சேலத்து ஜவ்வரிசி போலவே மரவள்ளிக்கிழங்கில் செய்த மணிகள்தான். ஆனால் பாலுக்குப் பதில் சிவப்பு ஒயினில், கிராம்பும் பட்டையும் போட்டு வேகவைப்பார்கள். மரவள்ளியின் பூர்வீகமே தென்னமெரிக்கா, அங்கிருந்துதான் அது நம் பக்கம் வந்தது. பாயசத்தில் ஒயினா என்று கேட்காமல் ஒரு கிண்ணம் வாங்குங்கள்.

ஜெர்மானியர் வந்தது அதற்கும் முன்னால், 1824-இல். அவர்கள் பக்கத்து ஓட்டல் விசேஷம், கஃபே கொலோனியல் என்ற பெருஞ்சிற்றுண்டி. கேக், ரொட்டி, பழக்கூழ், பாலாடைக்கட்டி, பன்றித் தொத்திறைச்சி என்று மேசையே தெரியாத அளவுக்கு அடுக்கிவிடுவார்கள். கிராமாடோ என்ற மலையூரில் சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்தே சோர்ந்துவிடுவார்கள். எனக்கு அது ஒருமுறை போதும். குக்கா என்ற, மேலே இனிப்புத் தூள் மொறுமொறுக்கும் ரொட்டியும் ஒரு காபியும் ஏதாவது பேக்கரியில் கிடைத்தால் அதுவே நிறைவு.

கடற்கரையில் ஃப்ளோரியனோபொலிஸ் தீவுக்குப் போனால் சிப்பி. பிரேசிலில் வளர்க்கப்படும் சிப்பியில் மிகப் பெரும்பகுதி சாண்டா கத்தரீனாவிலிருந்துதான் வருகிறது. ஹிபெய்ரோன் டா இல்யா என்ற, போர்ச்சுகலின் அசோர் தீவுகளிலிருந்து வந்தவர்களின் பழைய கிராமத்தில், கடலில் மிதவைகள் தெரியும்படி உட்கார்ந்து சாப்பிடலாம். மே முதல் ஜூலை வரை போனால் மடவை மீன் பருவம். கரையிலிருந்து கூட்டமாக வலை இழுப்பதைப் பார்க்கலாம், இழுக்கக் கைகொடுத்தவருக்கும் பங்கு கிடைப்பது வழக்கம்.

பரனாவில் எனக்குப் பிடித்தது பஹியாடோ. மாநிலத் தலைநகர் கூரிச்சிபாவிலிருந்து 1885-இல் திறந்த மலை ரயில்பாதையில் இறங்கினால் மொஹெட்டஸ் என்ற சிற்றூர். மாட்டுக்கறியை மசாலாவோடு மண்சட்டியில் போட்டு, மூடியின் விளிம்பை மரவள்ளி மாவுப் பசையால் அடைத்துவிடுவார்கள். நம் தம் பிரியாணிக்கு மாவு அடைப்பதுபோலத்தான், ஆனால் பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் அடுப்பில் இருக்கும். கறி நாராகக் கரைந்துவிடும். அந்தக் கொதிக்கும் குழம்பை மரவள்ளி மாவில் ஊற்றிக் கெட்டியாகக் கிளறுவார் பரிமாறுகிறவர். பதம் சரிதானா என்று காட்ட, தட்டை அப்படியே நம் தலைக்கு மேல் கவிழ்ப்பார்! விழாது. வாழைப்பழத்தோடு சாப்பிட வேண்டும்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள், சைவக்காரர்கள் என்ன செய்வது? பயப்பட வேண்டாம். மதிய வேளையில் எடை போட்டு விற்கும் ஓட்டல்கள் எல்லா ஊரிலும் உண்டு. தட்டில் வேண்டியதை எடுத்து, தராசில் வைத்து, எடைக்குக் காசு. சோறும் பீன்ஸும் தினமும் இருக்கும், கீரை, காய், பொரித்த மரவள்ளி எல்லாம் இருக்கும். பீன்ஸில் பன்றிக்கறித் துண்டு கிடக்கலாம், கேட்டுவிட்டு எடுங்கள். பில்லில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள். அது கட்டாயமில்லை, ஆனால் பெரும்பாலோர் கொடுத்துவிடுகிறார்கள்.

கடைசியாக, இந்தக் குடியேறிகள் எல்லோருக்கும் முந்திய ஒரு சாப்பாடு. பின்யோன். அரவுகாரியா என்ற ஊசியிலை மரத்தின் விதை. கைங்காங் பழங்குடியினர் காலங்காலமாகக் குளிர்காலத்தைத் தள்ளியது இதை வைத்துத்தான். அந்தக் காடுகளை மரத்துக்காக வெட்டி, இப்போது சொற்பமே மிச்சம். பரனாவில் ஏப்ரல் 1-க்கு முன்னால் விதையைச் சேகரிக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பெரிய ஓட்டல்களில் இதைச் சூப்பாக்கி அலங்கரித்துத் தருவார்கள். அதற்குப் போக வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்தில் உப்புத் தண்ணீரில் வேகவைத்துச் சுடச்சுட விற்பார்கள். அடிப்பக்கத்தைப் பல்லால் கடித்துப் பிதுக்கினால் உள்ளிருப்பது வாய்க்குள் வந்துவிடும். அட்டை கிட்டை எதுவும் கிடையாது, வாங்கிய பொட்டலம் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

நன்றி, வணக்கம்.