ஒரு பீப்பாய்க்கு 42 கேலன் கணக்கு எங்க இருந்து வந்தது?

பதுளையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "மசகு எண்ணெய் பீப்பாய் இத்தன டொலர்னு செய்தியில சொல்றாங்களே, ஒரு பீப்பாய் ஏன் 42 கேலன்? 40னோ 50னோ வைக்காம, இத யாரு முடிவு செஞ்சது?"

அரசாங்கம் இல்ல தம்பி. எண்ணெய் எடுத்தவங்களே கூடி வச்ச கணக்கு. அமெரிக்காவுல பென்சில்வேனியா, டைட்டஸ்வில்ங்கிற ஊரு. 1859 ஓகஸ்ட்ல அங்க 69 அடி ஆழத்துல எண்ணெய் வந்ததும் ஆளுக்கு ஆள் கிணறு போட்டாங்க. புடிச்சு வைக்க ஏனம் இல்ல. விஸ்கி பீப்பாய், மீன் பீப்பாய்னு கெடச்சதுல எல்லாம் ஊத்துனாங்க. மரப்பீப்பாய் ஒழுகும், வழியில ஆவியாவும் போகும். வாங்குறவர் கைக்குப் போறப்ப அளவு குறைஞ்சிருக்கும், தகராறுதான்.

அதனால 1866ல ஒரு முடிவுக்கு வந்தாங்க: 40 கேலனுக்குக் காசு, சேதாரத்துக்கு 2 கேலன் கூட. வைனுக்கும் மீனுக்கும் 42 கேலன் பீப்பாய் ஏற்கனவே புழக்கத்துல இருந்தது வசதியாப் போச்சு. 1872ல உற்பத்தியாளர் சங்கம் அத முறைப்படி ஏத்துக்கிச்சு.

நம்ம தேயிலைத் தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற மடுவத்துல சாக்குக்கு, ஈரத்துக்குன்னு கழிக்கிறாங்க இல்லையா? எவ்வளவு கழிக்கிறதுன்னு நிறுக்கிறவர் மட்டும் முடிவு பண்ணா, பறிச்சவங்களுக்குக் கேக்க வழியே இல்ல. அங்க விக்கிறவங்களே உக்காந்து பேசி, கழிவு ரெண்டு கேலன், அதுக்கு மேல இல்லன்னு நிறுத்துனாங்க. அது பெரிய விசயம்.

அதே 1872ல ரயில் கம்பெனிகளும் சில சுத்திகரிப்பு முதலாளிகளும் இரகசியமா ஒரு கம்பெனி வச்சு, எண்ணெய் ஏத்துற ரயில் கட்டணத்துக்குத் திட்டம் போட்டாங்க. உற்பத்தியாளருங்க அவங்களுக்கு எண்ணெய் விக்க மாட்டோம்னு ஒண்ணா நின்னாங்க. ஏப்ரல்ல அந்தக் கம்பெனியோட அனுமதியே ரத்தாச்சு. ஆனா வருசக் கடைசியில விலைய ஏத்த உற்பத்தியக் குறைப்போம்னு எடுத்த முயற்சி நிக்கல. எண்ணெய் நிலத்துக்கு அடியில வேலி பாக்காம ஓடும். நீங்க கிணத்த நிறுத்துனா பக்கத்துக்காரர் உங்க அடியில உள்ளதையும் உறிஞ்சிடுவார். அந்தப் பயத்துல ஒருத்தர் பம்ப் பண்ண ஆரம்பிச்சா எல்லாரும் ஆரம்பிப்பாங்க.

தம்பி, கணக்குப் போடுறப்ப ஒண்ணு கவனிங்க. இது அமெரிக்க கேலன், 3.785 லீற்றர். அப்ப பீப்பாய்க்கு கிட்டத்தட்ட 159 லீற்றர். நம்ம பழைய பிரிட்டிஷ் கேலனால பெருக்கினா 191 வரும், அது பிழை.