டீசல் வண்டியோட இன்ஜின் ஆயில் கறுத்துப்போச்சா? ஒரு சொட்டைத் தாள்ல விட்டுப் பாருங்க

வணக்கம் மக்களே. ஆயில் மாத்தி 300 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பாக்கற குச்சியை, உருவிப் பாத்தா மை மாதிரி கறுப்பு. உடனே, மெக்கானிக் பழைய ஆயிலையே ஊத்திட்டாருன்னு சண்டைக்குப் போயிடாதீங்க. டீசல் இன்ஜினுக்கு அது சகஜம்.

சூடேறின காத்துக்குள்ள இன்ஜெக்டர் டீசலைப் பீச்சுதுல்ல, அங்கங்க காத்து பத்தாத இடத்துல அது அரைகுறையா எரிஞ்சு கரியாவுது. பெரும்பகுதி சைலன்சர் பக்கம் போயிடும். மிச்சம் சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயில்ல ஒட்டி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, அடியில ஆயில் தேங்கற சம்ப்புக்கு இறங்கிடும். ஃபில்டர் புடிக்காதான்னு கேப்பீங்க. சாதாரண ஆயில் ஃபில்டர் நல்லா புடிக்கறது 20, 30 மைக்ரான் துகளைத்தான். கரித்துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழ. கொசுவலையில மாவு சலிக்கற கதைதான்! அதுக்குத்தான் ஆயில்ல டிஸ்பர்சன்ட் சேக்கறாங்க. கரி கட்டி கட்டாம மிதக்கவிடறதுதான் அதோட வேலை. போதாக்குறைக்கு, எவ்வளவு வடிச்சாலும் பழைய ஆயில் கொஞ்சம் உள்ள தங்கும். புதுசைக் கறுக்க வைக்க அதுவே போதும்.

அதனால கலரை விடுங்க. இன்ஜின் சூடா இருக்கும்போது டிப்ஸ்டிக்ல இருந்து ஒரே ஒரு சொட்டு, காபி ஃபில்டர் தாள்ல விடுங்க. தாளை டம்ளர் வாய்மேல வைங்க, அடியில எதுவும் படக்கூடாது. சில மணி நேரம் கழிச்சுப் பாருங்க. சாம்பல் நிறமா ஒரே சீரா படர்ந்திருந்தா பயமில்ல. கரி நடுவுல தார்ப்பொட்டு மாதிரி நின்னு, சுத்தி வெறும் எண்ணெய் வளையம் மட்டும் ஓடியிருந்தா டிஸ்பர்சன்ட் தீந்துபோச்சு. கிலோமீட்டர் பாக்காம மாத்திடுங்க. அப்படியே ஓட்டினா ஆயில் கெட்டியாகி, காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மேல ஏற நேரமாகும். முதல்ல அடி வாங்கறது, இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்பற டர்போவோட பேரிங்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்னா, ஆயில் மட்டம் ஏறுதான்னும் பாருங்க. குறையறது தெரியும், ஏறுமா? ஏறும். புகையில வர்ற கரியைப் புடிச்சு வைக்கற ஃபில்டர்தான் டி.பி.எஃப்., அது தனக்குள்ள சேந்த கரியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ்ல எரிக்கும். அந்தச் சூட்டுக்காகப் பல வண்டிகள்ல எரிப்பு முடிஞ்ச பிறகும் கொஞ்சம் டீசல் பீச்சப்படும். மார்க்கெட், ஸ்கூல்னு 3 கிலோமீட்டர் ஓட்டி, கரி எரிஞ்சு முடியறதுக்குள்ள பாதியிலயே ஆஃப் பண்ணா, எரியாத டீசல் ஆயில்ல இறங்கி அதைத் தண்ணியாக்கிடும். மட்டம் மேல் கோட்டைத் தாண்டி டீசல் வாடையும் அடிச்சா, ஆயில் மாத்தற வரைக்கும் ஓட்டாதீங்க.

இப்போ பின்பக்கம் வாங்க. சைலன்சர் ஆறின பிறகு உள்ள விரலை விடுங்க. டி.பி.எஃப். இல்லாத பழைய டீசல்ல வறண்ட கரி லேசா இருக்கும், சரிதான். கைநிறைய வந்து, ஏத்தத்துல கறும்புகையும் தள்ளினா காத்து பத்தல. முதல்ல ஏர் ஃபில்டர். அடுத்து டர்போவுக்கும், அந்தக் காத்தைக் குளிர வைக்கற இன்டர்கூலருக்கும் நடுவுல இருக்கற ஹோஸ். கிளாம்ப் ஓரம் ஆயில் கசிவு இருந்தா, காத்து அங்கதான் ஓடுது. அதுக்கப்புறம், புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பற ஈ.ஜி.ஆர். வால்வு. அது திறந்தே மாட்டிக்கிட்டா, புகையையே திரும்பத் திரும்ப இன்ஜின் குடிக்கும். கழட்டி கார்ப் கிளீனரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்க்கலாம், ஆனா வால்வோட மின்மோட்டார் பக்கம் ஸ்ப்ரே படக்கூடாது, கேஸ்கெட் புதுசா போடணும். இன்ஜெக்டரைக் கடைசியில பாருங்க. செலவு அங்கதான் அதிகம், எடுத்த எடுப்புல அதுல கை வைக்கச் சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதை.

விரல்ல பிசுபிசுன்னு ஒட்டினா அது ஆயில். ரிங், வால்வு சீல், டர்போ சீல் மூணுல ஒண்ணு போயிருக்கு.

பெட்ரோல் வண்டி சைலன்சர்ல காலையில கறுப்புத் தண்ணி சொட்டுதேன்னு பதறாதீங்க. பெட்ரோல் எரிஞ்சா தண்ணியும் வரும், வர்ற வழியில கரியைக் கழுவிக்கிட்டு வருது.

ஆனா டி.பி.எஃப். இருக்கற டீசல்ல குழாய் வாய் கிட்டத்தட்ட சுத்தமா இருக்கணும். பழைய பி.எஸ்.6 வண்டி வாங்கப் போறப்ப விரல் கறுத்துச்சுன்னா, உள்ள டி.பி.எஃப். விரிசல் விட்டிருக்கு, இல்ல யாரோ உருவி எடுத்திருக்காங்க. விலை பேசறதுக்கு முன்னாடி வண்டியைத் தூக்கி அடியில பாருங்க.