பென் டிரைவில் போட்ட படங்கள் டிவியில் படுத்துக்கொள்வது ஏன்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். வேலந்தாவளத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "அண்ணா, அடுத்த மாதம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். மண்டபத்து டிவியில் ஓடவிடுவதற்காகப் பழைய ஆல்பத்திலிருந்தும் போனிலிருந்தும் 140 படங்களைச் சேர்த்துப் பென் டிரைவில் போட்டு, வீட்டு டிவியில் பார்த்தேன். சில படங்கள் படுத்த வாக்கில் தெரிகின்றன, வரிசை கலைந்துபோகிறது, துபாயிலிருந்து தம்பி அனுப்பியவை திறக்கவே இல்லை. என்ன செய்ய வேண்டும்?"

மூன்று கோளாறுகளுக்கும் காரணம் வேறு வேறு. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் படம் பெரும்பாலும் படுத்த வாக்கிலேயே பதிவாகிறது. இதை 90 பாகை திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் கோப்புக்குள் எக்ஸிஃப் என்னும் பகுதியில் சேர்ந்துகொள்கிறது. போனும் கணினியும் அந்தக் குறிப்பைப் படித்துத் திருப்பிக் காட்டுகின்றன. எல்லா டிவிகளும் படிப்பதில்லை. வரிசை கலைவதற்குக் காரணம், பல டிவிகள் கோப்பின் பெயரை எண்ணாகப் பார்க்காமல் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதே. அதனால் 1-க்குப் பிறகு 10, 100 என்று வந்து அதற்கப்புறம்தான் 2 வரும். 001, 002 என்று மூன்று இலக்கமாகப் பெயர் வைத்தால் இது தீரும். தம்பி வைத்திருப்பது ஐபோன் என்று நினைக்கிறேன். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அந்தப் போன்கள் ஹெச்இஐசி என்ற வடிவில் படங்களைச் சேமிக்கின்றன, டிவிக்குப் பழக்கமானதோ ஜேபெக். கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். எடுத்து முடித்தவற்றைக் கணினியில் திறந்து ஜேபெக்காகச் சேமித்துக்கொள்ளலாம்.

ஆனாலும், இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்து படங்களாகவே மண்டபத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்றுதான் சொல்வேன். படங்களாகக் கொடுத்தால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி மாற வேண்டும் என்பதையெல்லாம் அந்த டிவியே தீர்மானிக்கும். முன்பின் தெரியாத ஒரு டிவியிடம் அந்த அதிகாரத்தைக் கொடுப்பானேன்? எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக ஆக்கிவிட்டால் நீங்கள் அமைத்தபடியே ஓடும்.

அடுத்தது சட்டத்தின் அளவு. டிவித் திரை 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கிறது. போன் படம் பெரும்பாலும் 4-க்கு 3. ஸ்டுடியோக்காரர்களின் பெரிய கேமராப் படம் 3-க்கு 2. ஃபுல் ஹெச்டி எனப்படும் 1920-க்கு 1080 புள்ளித் திரையில் போன் படத்தை முழுதாக வைத்தால், படம் 1440 புள்ளி அகலத்தை எடுத்துக்கொள்ள, இரு பக்கமும் 240 புள்ளிக்குக் கறுப்புப் பட்டை விழும். அந்தப் பட்டையைப் பார்த்துப் பதறி, பக்கவாட்டில் பிடித்து இழுத்துத் திரையை நிரப்புகிறவர்களால்தான் ஒல்லியான மாமன்களெல்லாம் டிவியில் குண்டாகிவிடுகிறார்கள். அதே படத்தைப் பெரிதாக்கி, மங்கலாக்கி, பின்னால் பரப்பும் வழக்கமும் உண்டு. கல்யாண வீடியோவுக்கு அது பொருந்தலாம். அப்பாவின் இளமைக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு, என் கண்ணுக்கு, வெறும் கறுப்புப் பட்டையே அழகு.

பழைய ஆல்பத்துப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று மண்டபத்தில் எல்லோரும் பார்க்கப்போவது அவற்றைத்தான். ஸ்கேன் செய்ய வசதி இருந்தால் 4-க்கு 6 அங்குலப் படத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுங்கள். 1800-க்கு 1200 புள்ளி கிடைக்கும், ஃபுல் ஹெச்டிக்கு அது தாராளம். மண்டபத்தில் இருப்பது 4கே டிவியாக இருந்தாலும், படம் சிறியதாக இருந்தாலும் 600 வையுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் போனே போதும், ஆனால் டியூப்லைட்டுக்கு அடியில் வைத்து எடுக்காதீர்கள். பளபளப்பான தாளில் ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே விழுந்து, சரியாக யாருடைய முகத்திலாவது போய் நிற்கும். காலையில் நேர்வெயில் படாத திண்ணையில் படத்தைத் தட்டையாக வைத்து, ஃபிளாஷை அணைத்து, போனைப் படத்துக்கு நேர் மேலே சமமாகப் பிடியுங்கள். போன் சற்றே சாய்ந்தாலும் செவ்வகம் ஒரு பக்கம் குறுகிவிடும். ஒட்டிப் பிடித்துக்கொண்ட பழைய படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், தாளோடு எடுத்துப் பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். உறவினர்களிடம் கேட்டு வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி வரும், ஒரு முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வீடியோ ஆக்குவதற்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கணினியில் பவர்பாயிண்ட் இருந்தால் அதிலேயே முடிந்துவிடும். இன்செர்ட் பகுதியில் போட்டோ ஆல்பம் என்பதைத் திறந்து 140 படங்களையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுத்தால், ஒரு பக்கத்துக்கு ஒரு படமாக அதுவே அடுக்கிவிடும். பக்கத்தின் அளவு 16-க்கு 9 தானா என்று பார்த்து, பின்னணியைக் கறுப்பாக்கி, டிரான்சிஷன்ஸ் பகுதியில் 6 வினாடி என்று கொடுத்து எல்லாப் பக்கங்களுக்கும் பொருத்துங்கள். 140 படத்துக்கு 6 வினாடி வீதம் 840 வினாடி, அதாவது 14 நிமிடம். பத்துப் பேர் நிற்கும் குடும்பப் படத்துக்கு மட்டும் 10 வினாடி கொடுங்கள். யார் யார் என்று விரல் நீட்டிச் சொல்லி முடிக்க அவ்வளவு நேரமாவது வேண்டும். நான்கரை நிமிடப் பாட்டு ஒன்றுக்கு 45 படம் என்று கணக்கு வைத்துக்கொண்டால், மூன்று பாட்டுகளில் 135 படம் ஓடிவிடும், மீதிக்கு நான்காவது பாட்டில் கொஞ்சம் போதும்.

படத்தின் கீழே பெயர் போடுவதானால், சித்தூர், பாலக்காட்டுப் பக்கத்து உறவுகளுக்காக மலையாளத்திலும் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். விண்டோஸில் இருக்கும் நிர்மலா யூஐ என்ற எழுத்துருவில் தமிழ், மலையாளம் இரண்டும் இருப்பதால் வரிகள் ஒரே சாயலில் அமையும். எழுத்தைத் திரையின் விளிம்பிலிருந்து இருபதில் ஒரு பங்காவது உள்ளே தள்ளி வையுங்கள். சில டிவிகள் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை விழுங்கிவிடும். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் பெயர்கள் எல்லாம் பாதி பாதியாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம். டிவியின் படச் செட்டிங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' என்பது போன்ற பெயரில் அதற்கு ஒரு மாற்று இருக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

கடைசியாக ஃபைல், எக்ஸ்போர்ட், கிரியேட் எ வீடியோ என்று போய், ஃபுல் ஹெச்டியைத் தேர்ந்து எம்பி4 கோப்பாக எடுங்கள். வேறு மென்பொருளில் செய்கிறவர்கள், வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகளில் ஹெச்.264 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் மிச்சமாகிறதே என்று நான் ஒருமுறை ஹெச்.265-இல் எடுத்துக்கொண்டு போக, அந்த மண்டபத்துப் பழைய டிவியில் பாட்டு மட்டும் கேட்டது, திரை இருட்டாகவே இருந்தது. விநாடிக்கு 10 மெகாபிட் என்று வைத்தாலும் 14 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபிதான் வரும். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது, உங்களுடையது அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது.

விழாவுக்கு முந்தின நாள் மண்டபத்துக்குப் போய், நாளை ஓடப்போகும் அதே டிவியில் முழு வீடியோவையும் ஓட்டிப் பாருங்கள். யூஎஸ்பி துளை சுவரை ஒட்டிய பக்கத்தில் இருந்தால் பென் டிரைவ் நுழையாது, சிறிய நீட்டிப்பு வயர் ஒன்று வேண்டியிருக்கும். அங்கேயே ரிமோட்டில் ரிபீட் என்பதையும் போட்டு வையுங்கள்; பந்தி முடிந்து வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம் நீங்கள் பட்டுப்புடவையோடு டிவிக்கு ஓட வேண்டியிருக்காது.