ஃபானை நிறுத்தச் சொன்ன வித்துவான்: திருமலையில் ஒரு குழல் கச்சேரி

வணக்கம் உறவுகளே. இந்தக் காணொளியில் வாசிப்பு ஒன்றும் வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு செய்ய வேண்டாம் என்று வித்துவான் மேடையில் இருந்தே கேட்டுக்கொண்டார். கமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். சீடர்களில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இருந்ததால் பெயர்களும் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு என் முகத்தையும் கையில் இருக்கிற இந்தக் குழலையும்தான் பார்க்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் எங்கள் திருகோணமலையில் டச் பே கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபம். தமிழ்நாட்டில் இருந்து வந்த மூத்த வித்துவான், வயது எழுபதுக்கு மேலே. கூட மூன்று சீடர்கள், உள்ளூர் வயலின், மிருதங்கம். வாசலில் வழமைபோல மான்கள் நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தன. வெளியூர்க்காரர்தான் அதைப் படம் எடுப்பார்கள், நாங்கள் விலத்திக்கொண்டு உள்ளே போவோம்.

உட்கார்ந்ததும் வித்துவான் செய்த முதல் வேலை, மேடைக்கு நேரே சுற்றிய ஃபான் இரண்டையும் நிறுத்தச் சொன்னது. அடுத்தது கடல் பக்க யன்னல்களைச் சாத்தச் சொன்னது. கச்சான் காற்று அடிக்கிற காலம், உள்ளே இருக்கிற வெக்கை உங்களுக்குத் தெரியும். எனக்குப் பின்னால் ஒரு ஐயா, “நாங்கள் கச்சேரி கேட்க வந்தோமா, அவிய வந்தோமா?” என்று முணுமுணுத்தார்.

ஆனால் அது அவசியம். இதோ, கிட்டே காட்டுகிறேன். நாதசுரத்துக்கு வாயில் வைத்து ஊதச் சீவாளி என்கிற நாணல் துண்டு இருக்கிறது. குழலுக்கு அப்படி ஒன்றும் இல்லை, உதடுதான். உதட்டில் இருந்து மெல்லிசாகப் போகிற காற்று இந்தத் துளையின் எதிர் ஓரத்தில் பட்டுப் பிளக்கிறது, அதில்தான் நாதம் பிறக்கிறது. பக்கத்தில் இருந்து வேறு காற்று வந்து அதைக் கொஞ்சம் தள்ளினாலே போதும், நாதம் உடைந்து வெறும் சீறல் கேட்கும். ஆகவே நாங்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டு இருந்தோம்.

அப்புறம் பேச்சுகள். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, இன்னொரு பொன்னாடை. இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குழல்காரரை வியர்க்க வைத்து அவ்வளவு நேரம் காக்க வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் நான் கவனித்தது கடைசியில் இருந்த சீடப் பிள்ளையை. குழலின் துளைகளை விரலால் மூடிக்கொண்டு, சத்தம் வராமல் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள். அது சும்மா பழக்கம் இல்லை. மூங்கிலுக்குள் இருக்கிற காற்று சூடேறினால் சுருதி கொஞ்சம் மேலே போகும். வயலின்காரர் பிரடையைத் திருகிச் சேர்த்துக்கொள்வார். குழலில் திருக ஒன்றும் இல்லை. வெட்டித் துளை போட்ட அன்றைக்கே அதன் கட்டை, அதாவது ஆதார சுருதி, முடிவாகிவிட்டது, மிச்சத்தை உதட்டைச் சாய்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஒரு குழலுக்கே இந்தப் பாடு. நாலு குழல் ஒரே சுரத்தில் நிற்க வேண்டும் என்றால் யோசியுங்கள். தொடக்க உருப்படியான வர்ணத்தை முதல் காலத்தில், அதாவது மெதுவாக, வாசித்தபோது தார சட்ஜத்தில், மேல் ஸ்தாயி ச சுரத்தில், ஒரு சின்ன நடுக்கம் கேட்டது. வித்துவான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தன்னுடைய நாதத்தைக் கொஞ்சம் தாழ்த்தினார். மற்ற மூன்றும் வந்து சேர்ந்துவிட்டன.

போன காணொளியின் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார், புல்லாங்குழல் பக்கவாத்தியம்தானே என்று. இல்லை தம்பி. கும்பகோணத்துச் சரப சாஸ்திரி, கண் பார்வை இல்லாதவர், 1904இல் இளம் வயதிலேயே காலமானார். குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உட்கார வைத்தவர் அவர்தான். அவருடைய வழியில் வந்தவர் பல்லடம் சஞ்சீவராவ். அதற்குப் பிறகு மாலி என்கிற டி.ஆர். மகாலிங்கம், 1926இல் பிறந்தவர். உதட்டையும் விரலையும் வைக்கிற விதத்தையே மாற்றி, வாய்ப்பாட்டில் வருகிற கமகத்தை, அதாவது சுரத்தை அசைக்கிற விதத்தை, குழலுக்குள் கொண்டுவந்தார். அவருடைய சீடர் என். ரமணி. இந்தக் கதை எல்லாம் எதற்கு என்றால், அன்றைக்கு எடுத்த முக்கிய ராகம் தோடி, அந்தக் கமகம் இல்லாமல் அது நிற்காது.

குழலில் தோடி என்றால் என்ன பாடு என்று சொல்கிறேன். விரல் துளை எட்டு, வழமையாக வாசிக்க ஏழு. ஒவ்வொன்றாக முழுசாகத் திறந்து மூடிக்கொண்டு போனால் தானாக வருவது அரிகாம்போதி ராகத்தின் சுரங்கள். தோடியின் ரி, க, த மூன்றும் அதற்குள் இல்லை. அந்த மூன்றுக்கும் துளையைப் பாதி மூட வேண்டும். அதிலும் க என்கிற காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கிற சுரமே இல்லை, அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நான் மூன்றாவது வரிசைக் கதிரையில் இருந்தேன், அவருடைய இடக்கை ஆள்காட்டி விரல் வடிவாகத் தெரிந்தது. அந்த விரல் மேலே எழும்பவே இல்லை. நுனியால் மூடாமல் சதைப் பகுதியால் மூடி, துளையின் மேலேயே உருட்டினார். கேட்டால் பெரிய அசைவு, பார்த்தால் விரல் சும்மா கிடக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு மூச்சு குறைந்துவிட்டது. அது ஆலாபனையில், சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிக்கிற இடத்தில், நன்றாகவே தெரிந்தது. நீளமான பிடி, அதாவது நீளமான சுரத்தொடர், எதையும் அவர் எடுக்கவில்லை. ஆனால் அதை மறைக்கவும் இல்லை, கச்சேரியையே அதற்கு ஏற்றபடி அமைத்திருந்தார். சின்னச் சின்னப் பிடிகளாக அவர் வாசிப்பார், ப என்கிற பஞ்சமத்தில் வந்து நிறுத்துவார், உடனே வலப்பக்கத்துச் சீடர் அதே பஞ்சமத்தைப் பிடித்து நீட்டிக் கார்வை கொடுப்பார். அந்தக் கார்வையின் மேல் இவர் மூச்சு எடுத்துக்கொண்டு அடுத்த பிடிக்குள் போவார். கீர்த்தனையிலும் அப்படித்தான். நாலு பேரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். இவர்கள் முறை வைத்து எடுத்தார்கள், அதுவும் சொல் பிரிகிற இடத்தில் மட்டும். சாகித்தியம் தெரிந்தவர்களுக்கு ஒரு சொல்லும் உடையாமல் கேட்டிருக்கும்.

சீடர்கள் குருவின் நகலாக இருக்கிறார்கள் என்று என் பக்கத்தில் இருந்த அக்கா குறைப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடத்திலேயே சுரம் கட்டி வாசிக்கிற கற்பனாசுரத்தில், தாளத்தின் சுற்றான ஆவர்த்தனம் இரண்டு, ஒன்று, அரை, கால் என்று குறைத்துக்கொண்டு போனபோது, அந்தச் சின்னப் பிள்ளை குரு போகாத பக்கம் போனாள். கீழ் ஸ்தாயியில் போய் ஒரு கணக்கு வைத்து, பாட்டு வரி தொடங்குகிற எடுப்புக்குச் சரியாக வந்து விழுந்தாள். வித்துவான் குழலை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். மிருதங்கக்காரர்தான் பாவம், அவருக்கு வேலை கூடிவிட்டது.

கோணேசர் ஊரில் வந்து சம்பந்தர் பதிகம் இல்லாமல் முடிக்க முடியுமா? இராமேசுவரத்தில் நின்றபடியே கோணமலையைப் பாடினார் என்பார்கள். அந்தப் பதிகத்தின் பண் புறநீர்மை, இப்போது ஓதுவார்கள் பூபாளத்தில் பாடுவார்கள். விடியற்காலைப் பண். நேரமோ இரவு ஒன்பது. வித்துவான் அதற்குச் சபையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார். குழலுக்குச் சொல் கிடையாது, ஆனால் மண்டபத்தில் அது குறையாகவே தெரியவில்லை. கோயிலில் கேட்டுக் கேட்டுப் பழகிய அம்மாமார் வரிக்கு வரி கூடப் பாடிவிட்டார்கள். நிறுத்தி வைத்த ஃபானைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை.

முடிந்த பிறகு ஒரு பெடியன் மேடைக்குப் போய், ஊதினால் தலை சுற்றுகிறது சேர் என்றான். அதிகம் ஊதுகிறாய், அதுதான் காரணம் என்றார் வித்துவான். உதட்டு இடைவெளியைச் சின்னதாக்கச் சொன்னார், சில கிழமைக்கு விரலை மறந்துவிட்டு ஒரே சுரத்தை மட்டும் பிடிக்கச் சொன்னார். நானும் வீட்டில் செய்து பார்க்கிறேன், பக்கத்து வீட்டார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு கேள்வி உங்களிடம். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு வாய்ப்பாடும் வயலினும் சொல்லிக்கொடுக்க எங்கள் பக்கம் ஆட்கள் உண்டு. உவர்மலை, உப்புவெளிப் பக்கம் புல்லாங்குழல் சொல்லிக்கொடுக்கிறவர்கள் யாரும் இருந்தால் கீழே எழுதுங்கள். அந்தப் பெடியனுடைய அம்மா என்னிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், அவருக்குச் சொல்ல வேண்டும். சரி, வருகிறேன்.