சனிக்கிழமைக் கணக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் படிக்கும் பிள்ளையோ பேத்தியோ உள்ள வீடுகளில் இந்தக் குழப்பம் வந்திருக்கும். அங்கே சனிக்கிழமை கல்லூரி அணிகள் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகின்றன; ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல். எனப்படும் தொழில்முறை அணிகள். அதே நீள்வட்டப் பந்து, கோட்டுக்குக் கோடு அதே 100 கெஜம். ஆனாலும் நேற்று பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கு இன்றைக்கு எங்கோ இடிக்கும்.

இடிக்காத பகுதியை முதலில் முடித்துவிடலாம். பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனுக்குள், அதாவது மைதானத்தின் கோடியில் உள்ள 10 கெஜப் பகுதிக்குள், போய்விட்டால் டச் டவுன், 6 புள்ளி. பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே அனுப்பினால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனிலேயே மடக்கிவிட்டால் சேஃப்டி, 2 புள்ளி. இரு பக்கமும் இதே பட்டியல்தான். பட்டியல் ஒன்று, படிக்கல் வேறு.

படிக்கல் எங்கே மாறுகிறது? கொசுறில். டச் டவுன் போட்ட அணிக்குக் கொசுறாக இன்னொரு வாய்ப்பு உண்டு, இல்லையா? பந்தை உதைத்தால் 1 புள்ளி. உதைக்காமல், ஓடியோ எறிந்து பிடித்தோ மறுபடி எண்ட் ஸோனுக்குள் சேர்த்தால் 2 புள்ளி.

கல்லூரியில் இரண்டுக்குமே பந்து 3 கெஜக் கோட்டில்தான், அதாவது எண்ட் ஸோனுக்கு 3 கெஜம் முன்னால். பந்தைப் பிடித்து நிறுத்துபவர் 7 கெஜம் பின்னால் மண்டியிடுவார், கம்பம் எண்ட் ஸோனின் பின்கோட்டில், 10 கெஜம் தாண்டி நிற்கிறது. கூட்டினால் 20 கெஜ உதை. என்.எஃப்.எல்.லிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. நூற்றுக்கு 99 உதை உள்ளே போனதால், அதை யாரும் பார்க்கவே இல்லை. எழுந்து காபி போடப் போய்விடுவார்கள். அதனால் 2015-இல், உதைக்கு மட்டும் பந்தை 15 கெஜக் கோட்டுக்குத் தள்ளினார்கள். இப்போது அது ஏறக்குறைய 33 கெஜ உதை. அந்த முதல் ஆண்டிலேயே வெற்றி 94 சதவீதத்துக்கு இறங்கியது. 2 புள்ளி முயற்சி மட்டும் 2 கெஜக் கோட்டிலேயே நின்றது.

இதனால் இன்னொன்றும் மாறிப்போனது. கல்லூரியில் இரண்டும் ஒரே கோட்டில் என்பதால், உதைப்பதுபோல் நின்று கடைசி நொடியில் ஓடிவிடலாம். எதிரணி இரண்டுக்கும் காவல் நிற்க வேண்டும். என்.எஃப்.எல்.லில் உதையா ஓட்டமா என்பதை முன்னாலேயே சொல்லியாக வேண்டும், பந்தை வைக்கும் இடமே வேறு அல்லவா. 15 கெஜத்தில் நின்றுகொண்டு ஏமாற்றி ஓடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 15 கெஜம் ஓடிச் சேர்வதற்குள் மடக்கிவிடுவார்கள்.

2 புள்ளிக் கொசுறு கல்லூரிக்கு வந்தது 1958-இல். என்.எஃப்.எல். அதை ஏற்றது 1994-இல்தான். இந்த 36 ஆண்டு இடைவெளியை மனதில் வையுங்கள், ஏனென்றால் 1984 ஜனவரி 2 இரவு அதற்குள்தான் வருகிறது.

மியாமி நகரில் ஆரஞ்சு பவுல், பருவ முடிவில் கல்லூரி அணிகள் மோதும் பெரிய ஆட்டங்களில் ஒன்று. அந்தப் பருவத்தில் தோல்வியே காணாத நெப்ராஸ்கா ஒரு பக்கம், சொந்த ஊர் மியாமி மறுபக்கம். கடைசிக் கால் பகுதியில் நெப்ராஸ்கா 31-17 எனப் பின்தங்கியிருந்தது. ஒரு டச் டவுன், ஒரு உதை: 31-24. இன்னும் 48 நொடி இருக்கையில் மறுபடி டச் டவுன்: 31-30. உதைத்தால் சமன். அன்று கல்லூரி ஆட்டத்தில் கூடுதல் நேரம் கிடையாது. சமன் என்றால் சமனோடு முடிந்தது. தோல்வியில்லாத முதலிட அணி என்பதால், சமனே அநேகமாகத் தேசியப் பட்டத்துக்குப் போதும். ஆனாலும் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் 2 புள்ளிக்குப் போனார். பந்தை எறியும் வீரரான குவார்ட்டர்பேக் டர்னர் கில் எறிந்தார், மியாமியின் கென்னி கல்ஹூன் பந்தைத் தட்டிவிட்டார். பட்டம் மியாமிக்கு.

ஆஸ்போர்னின் துணிச்சலைப் பாராட்டாதவர் இல்லை. துணிச்சல் சரி, வரிசைதான் தவறு. மெதுவாகச் சொல்கிறேன், விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். 14 புள்ளி பின்தங்கியிருக்கிறீர்கள். இரண்டு டச் டவுன் போடுவீர்கள், எப்படியும் ஒரு தடவை 2 புள்ளிக்குப் போகப் போகிறீர்கள் என்றால், முதல் தடவையே போங்கள். 2 கிடைத்தால் 31-25. அடுத்த டச் டவுனுக்கு வெறும் உதை போதும், 32-31, வெற்றி. கிடைக்காவிட்டால் 31-23; அடுத்த தடவை 2 புள்ளிக்குப் போய் 31-31 என்று சமன் செய்யலாம். இந்த முயற்சி பாதிக்குப் பாதி பலிக்கும் என்று வைத்தால், இரண்டு வழியிலும் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. ஆனால் தோற்கும் வாய்ப்பு? கடைசிக்கு வைத்தால் பாதி, முதலிலேயே போனால் கால்.

அதே இரவு என்.எஃப்.எல்.லில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அங்கே 1974 முதல் கூடுதல் நேரம் உண்டு, 2 புள்ளிக் கொசுறு இல்லை. கல்லூரியில் 2 புள்ளிக் கொசுறு உண்டு, கூடுதல் நேரம் இல்லை.

கொசுறு எதிரணிக்கும் போகும். உதையைத் தடுத்துப் பந்தை எடுத்து மறுகோடி வரை ஓடினால் தடுத்த அணிக்கு 2 புள்ளி; கல்லூரியில் 1988 முதல், என்.எஃப்.எல்.லில் 2015 முதல். எடுத்தவர் பதற்றத்தில் தன் எண்ட் ஸோனுக்குள்ளேயே ஓடி அங்கே மடக்கப்பட்டால், உதைத்த அணிக்கு 1 புள்ளி சேஃப்டி! 2013 ஃபியஸ்டா பவுலில் ஆரெகன் அணிக்கு அப்படி ஒன்று கிடைத்தது. என்.எஃப்.எல். சட்டத்திலும் அது உண்டு, மைதானத்தில் நடந்ததில்லை.

ஃபீல்ட் கோலிலும் ஒரு வித்தியாசம். கம்பங்களின் இடைவெளி இரண்டிலும் பதினெட்டரை அடி. ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை வைக்கும் எல்லையான உட்கோடுகள் என்.எஃப்.எல்.லில் அதே பதினெட்டரை அடி இடைவெளியில் இருக்கின்றன. ஆகவே பந்து எப்போதும் கம்பங்களின் அகலத்துக்குள்தான். கல்லூரியில் உட்கோடுகளுக்கு நடுவே 40 அடி. பந்து கம்பத்துக்கு வெளியே பத்தே முக்கால் அடி வரை தள்ளி நிற்கலாம், அதுவும் கிட்டத்தில் வர வரத்தான் கோணம் கொடூரம். 25 கெஜ உதையைக் கல்லூரிப் பையன் தவறவிட்டால் உடனே திட்டாதீர்கள், பந்து எந்தக் கோட்டில் இருந்தது என்று பாருங்கள்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், கூடுதல் நேரத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். கல்லூரியில் 1996 முதல், ஒவ்வோர் அணிக்கும் 25 கெஜக் கோட்டிலிருந்து ஒரு வாய்ப்பு. 2018-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணி எல்.எஸ்.யு. எனும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியை ஏழு சுற்றுக்குப் பிறகு 74-72 என வென்றது. அதன் பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். இப்போது இரண்டாம் சுற்றில் டச் டவுன் போட்டால் உதைக்கக் கூடாது, 2 புள்ளிக்குத்தான் போக வேண்டும். மூன்றாம் சுற்று முதல் 2 புள்ளி முயற்சி மட்டுமே, மாறி மாறி. என்.எஃப்.எல்.லில் பருவ ஆட்டத்துக்கு 10 நிமிடம், அதிலும் முடிவு வராவிட்டால் இன்றும் சமன்தான்.

ஃபேர் கேட்ச் கிக் பற்றியும் சொல்ல நினைத்தேன். எதிரணி உதைத்த பந்தைக் கையசைத்துவிட்டுப் பிடித்தால், அதே இடத்திலிருந்து யாரும் பாய்ந்து தடுக்க வராமல் 3 புள்ளிக்கு உதைக்கலாம். கல்லூரியில் கிடையாது. என்.எஃப்.எல்.லில் 2024 டிசம்பரில் சார்ஜர்ஸ் அணியின் கேமரன் டிக்கர் 57 கெஜத்திலிருந்து அப்படி உதைத்து உள்ளே அனுப்பினார்; அதற்கு முன் பலித்தது 1976-இல். சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.