எத்திக்ஸ் கமிட்டிக்குப் பாடம் நடத்துவது யார்?

[திரை: ஆப்பிரிக்க வரைபடம். நைஜீரியாவின் கானோ நகரம் சிவப்புப் புள்ளியாக.]

வணக்கம். 1996-இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் குழந்தைகளைக் கொத்துக்கொத்தாகத் தாக்கியது. ஃபைசர் நிறுவனம் அங்கே போய், ட்ரோவன் என்ற தன் புதிய மருந்தை 100 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. இன்னொரு 100 குழந்தைகளுக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்து. இரண்டு பக்கமும் சேர்த்து 11 குழந்தைகள் இறந்தார்கள். நோயா மருந்தா என்ற சண்டை பல வருடம் இழுத்து, 2009-இல் கானோ மாநிலத்துடன் 7.5 கோடி டாலர் சமரசம் ஆனது.

அந்த வழக்கு ஆவணங்களில் ஒரு கடிதம் இருந்தது. ஆய்வுக்கு மருத்துவமனையின் நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டி, அனுமதி தந்துவிட்டதாகச் சொல்லும் கடிதம். ஆய்வில் சேர்கிறவர்களுக்கு அநியாயம் நடக்காமல் இருக்க, திட்டத்தை முன்கூட்டியே பார்த்து அனுமதி தரும் குழு அது. பத்திரிகையாளர்கள் தோண்டியபோது, அது பழைய தேதி போட்டுப் பின்னால் எழுதப்பட்டது என்று தெரிந்தது. ஆய்வு நடந்த சமயத்தில் அந்த மருத்துவமனையில் அப்படி ஒரு குழுவே கிடையாது.

[திரை: 1947, 1964, 1975, 1980]

மனிதர்கள் மீது ஆய்வு செய்வதற்கான விதிகளுக்கு அப்போதும் பஞ்சமில்லை. நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணைக்குப் பிறகு 1947-இல் நியூரம்பர்க் விதிகள். 1964-இல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கி பிரகடனம். அதை 1975-இல் டோக்கியோவில் திருத்தியபோது, ஆய்வுத் திட்டத்தை ஒரு தனிக் குழு பார்க்க வேண்டும் என்று சேர்த்தார்கள். நம் ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 1980-இலேயே கொள்கை அறிக்கை வெளியிட்டுவிட்டது. காகிதத்தில் எல்லாம் சரி. அந்தக் குழுவில் உட்கார ஆள் எங்கே? உட்காருகிறவருக்கு எதைக் கேட்பது என்று சொல்லிக் கொடுத்தது யார்?

இந்தக் கேள்வியைச் சூடாக்கியது 1990-களின் எச்.ஐ.வி. ஆய்வுகள். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஏ.இசட்.டி. மருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும் என்று 1994-இல் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் சில ஆய்வுகளில் ஒரு பகுதிக் கர்ப்பிணிகளுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, அதாவது பிளாசிபோ, கொடுக்கப்பட்டது. குறைந்த செலவுச் சிகிச்சை வேலை செய்யுமா என்று பார்க்க அதுதான் வழி என்றார்கள் ஒரு சாரார். அமெரிக்காவில் செய்ய முடியாததை அங்கே போய் எப்படிச் செய்யலாம் என்றார்கள் மறு சாரார். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஆய்வு நடந்த நாட்டுக்காரர்களே உட்கார்ந்து அதைத் தீர்மானிக்கும் வலு அங்கே இருந்ததா என்றால், பல இடங்களில் இல்லை.

[திரை: "2000" பெரிய எழுத்தில்]

அதன் பிறகு பணமும் ஆட்களும் வேகமாக வந்தார்கள். 2000-ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள். அமெரிக்காவின் ஃபோகார்ட்டி மையம், வளரும் நாடுகளில் ஆய்வு நெறிமுறை கற்பிக்கத் தனி நிதித் திட்டம் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் நெறிமுறைக் குழுக்களுக்கான செயல்முறை வழிகாட்டி வெளியிட்டது. பாங்காக்கில் ஃபெர்காப் என்ற ஆசிய, மேற்கு பசிபிக் நெறிமுறைக் குழுக்களின் கூட்டமைப்பு பிறந்தது.

யுனெஸ்கோ வேறு வழியில் போனது. 2005-இல் உயிரி நெறிமுறைக்கும் மனித உரிமைக்கும் பொதுவான பிரகடனம். 2008-இல் அதை வைத்து, குறைந்தது 30 மணி நேரம் நடத்தக்கூடிய ஒரு அடிப்படைப் பாடத்திட்டம். கூடவே, தேசியக் குழு இல்லாத நாடுகளுக்கு அதை அமைக்கவும் உறுப்பினர்களைப் பயிற்றுவிக்கவும் உதவி.

இதில் எனக்குப் பிடித்தது கராச்சி. சிந்து சிறுநீரகவியல் நிறுவனம் ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸும் மாற்று அறுவையும் செய்யும் இடம். அங்கேயே 2004-இல் ஒரு நெறிமுறை மையம் தொடங்கினார்கள். அண்ணனுக்குச் சிறுநீரகம் தரத் தங்கையை வீடே நெருக்கும்போது அதைச் சம்மதம் என்று எழுதலாமா? இந்தக் கேள்வியை வெளிநாட்டுப் புத்தகத்தில் தேட வேண்டாம், வார்டுக்குப் போனால் போதும். வெளியூர்ப் படிப்புகளில் பலவற்றுக்கு இந்த வார்டுதான் கிடையாது.

[திரை: சேத்துப்பட்டு, மேயர் சத்தியமூர்த்தி சாலை]

சரி, நம் ஊருக்கு வருவோம். தாம்பரம் லைனில் போகிறவர்களுக்குச் சானடோரியம் என்பது ஒரு ஸ்டேஷன். காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்த இடம் அது. அப்படித் தங்கவைத்தே தீர வேண்டுமா என்ற கேள்விக்கு உலகத்துக்குப் பதில் சொன்னது சென்னை. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மையத்தில், ஐ.சி.எம்.ஆர்., மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து ஆய்வு நடத்தின. குலுக்கல் முறையில் பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் சானடோரியத்தில். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலன் தந்தது என்று 1959-இல் வெளியானது.

இதே திட்டம் இன்று ஒரு எத்திக்ஸ் கமிட்டிக்கு வந்தால் முதல் கேள்வி நோயாளியைப் பற்றி இருக்காது. ஒரே அறையில் படுத்துத் தூங்கும் மனைவி, குழந்தைகள் கதி என்ன என்றுதான் கேட்பார்கள். அந்த ஆய்வாளர்கள் குடும்பத்தாரையும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. ஹெல்சின்கிக்கும் முந்தைய காலத்தில் அது ஆய்வாளர்களின் அக்கறையை மட்டுமே நம்பி நடந்தது. எல்லா ஊரிலும் அப்படி நம்பிவிட முடியாதே.

அதே சென்னையில் அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இப்போது நாடு முழுக்க முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு அடிப்படை ஆராய்ச்சிப் பாடத்தை ஆன்லைனில் நடத்துகிறது. நெறிமுறையும் அதில் ஒரு பகுதி. கட்டாயப் பாடம். கட்டாயம் என்றாலே நம் ஆட்கள் வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போவார்கள் என்பது வேறு கதை.

[திரை: நீள மேஜை, கோப்புகள், காபி டம்ளர்கள்]

ஒரு மருத்துவக் கல்லூரியின் குழுக் கூட்டத்தைக் கற்பனை செய்வோம். மருந்துப் பரிசோதனைக்கான இந்திய அரசின் 2019 விதிகளின்படி குறைந்தது ஏழு பேர். தலைவர் வெளி ஆள். பாதிப் பேராவது வெளியிலிருந்து. சட்டம் தெரிந்த ஒருவர், பெண் ஒருவர், மருத்துவம் சாராத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம். திட்டத்தைக் கொண்டுவந்திருப்பவர் துறைத் தலைவர். எதிரே உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டர் அவரிடம் படித்தவர். வாயைத் திறக்க மாட்டார். ஆறு முறை வெறும் வயிற்றில் வந்து, ஒவ்வொரு முறையும் 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன் ரத்தம் தர வேண்டும் என்கிறது திட்டம். அப்போது அந்தச் சாதாரண உறுப்பினர், ரிட்டயர்ட் பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம், கேட்கிறார்:

"டாக்டர், பொன்னேரியிலிருந்து வர்றவங்க வெறும் வயித்தோட எத்தனை மணிக்கு ரயில் ஏறணும்? ரத்தம் எடுத்ததும் டிபன் யார் குடுப்பாங்க? அன்னைக்குக் கூலி?"

பயணச் செலவும் இழந்த கூலியும் தரலாம் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டியே சொல்கிறது. யாராவது கேட்டால்தான் அது திட்டத்துக்குள் வரும். இருபது வருட சர்வதேச முயற்சியைக் கறாராக அளக்க வேண்டுமானால், எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று எண்ணுவதைவிட, இந்த அம்மா கேட்டாரா, கேட்டது மினிட்ஸில் ஏறியதா என்று பார்ப்பேன்.

நெறிமுறைக் குழுக்களின் தரத்தைப் பார்த்துத் தரப்படும், ஃபெர்காப் சார்ந்த சிட்செர் என்ற அங்கீகாரத்தில் இதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் கூட்டத்தை நேரில் உட்கார்ந்து பார்ப்பார்கள்; கோப்புகளைப் புரட்டுவார்கள். அவர்கள் பார்க்கும் ஐந்து அளவுகோல்களில் ஒன்று, அனுமதி தந்த பிறகு குழு என்ன செய்தது என்பது. நம் குழுக்கள் பலவும் தடுமாறும் இடம் அதுதான் என்பது என் கணிப்பு. கையெழுத்துப் போட்ட ஆய்வை வார்டில் போய்ப் பார்க்க நேரமும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை.

[திரை: ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கம்]

உங்களையோ வீட்டில் யாரையோ ஆய்வில் சேரச் சொன்னால் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. மருந்துப் பரிசோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ., அதாவது இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளின் இணையப் பதிவேடு, அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம். அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். எந்த மருத்துவமனையில் நடக்கிறது, எந்தக் குழு பார்த்தது, அனுமதி வந்துவிட்டதா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.